அரசாங்க வேலையில் சம வாய்ப்பு: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமைச்சுகளிலும் ஆணைபெற்ற கழகங்களிலும் பள்ளிகளிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் தொழிற்சங்கக் கூட்டத்தில் கேட்பதும், கூட்டம் முடிந்து காப்பிக் கடையில் தாழ்ந்த குரலில் கேட்பதும் இவைதான். இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு ஈடாகாது. ஆனால் அவரிடம் போகுமுன் எதைத் தெரிந்துகொண்டு, எதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது இதில் இருக்கிறது.

அரசாங்கம் இனம் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் அரசியலமைப்பிலேயே. 12ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. இரண்டாவது உட்பிரிவுதான் நம் வேலைக்கு நேரடியாக வருவது: சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக மட்டும் சிங்கப்பூர்க் குடிமக்கள் யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது. சட்டம் இயற்றும்போது மட்டுமல்லாமல், பொது அமைப்பு ஒன்றில் பதவிக்கோ வேலைக்கோ ஒருவரை நியமிக்கும்போதும் இது பொருந்தும். தனியார் முதலாளியை இந்த வரி நேராகக் கட்டுப்படுத்துவதில்லை, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. அரசாங்க ஊழியருக்கு இருக்கும் மிகப் பெரிய பிடி இதுதான்.

இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ஒன்று 'குடிமக்கள்': நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் இந்த உட்பிரிவுக்குள் வருவதில்லை. மற்றொன்று 'மட்டும்': இனம்தான் காரணம் என்று காட்டுவது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்று இந்தப் பக்கம் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

திறமைக்கு மதிப்புள்ள ஊர் இது. இதையெல்லாம் பேசத்தான் வேண்டுமா?

வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா சிவில் சர்வீஸின் உயர்பதவிக்கு வர, தாய்வழி தந்தைவழி இரண்டிலும் கலப்பற்ற ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. நம் தாத்தாக்கள் எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றதற்கு அந்த விதியும் ஒரு காரணம். 1951இல், அரசாங்க நியமனங்களைக் கவனிக்கும் பொதுச் சேவை ஆணையம் வந்தது. 1950களின் நடுவில் டாக்டர் பி. ஆர். ஸ்ரீநிவாசன் தலைமையிலான மலாயாமயமாக்கல் ஆணையம், வெளிநாட்டு அதிகாரிகளின் இடங்களை உள்ளூர்க்காரர்களிடம் ஒப்படைப்பது பற்றி ஆராய்ந்தது. பிறகு ஜே. ஒய். பிள்ளை, அமைச்சு ஒன்றின் தலைமை அதிகாரியான நிரந்தரச் செயலாளரானார். மருத்துவச் சமூகப் பணியாளராக 1955இல் அரசாங்க வேலையில் சேர்ந்த எஸ். ஆர். நாதன், நிரந்தரச் செயலாளராகி, பின்னாளில் அதிபரும் ஆனார். கதவு திறந்திருப்பதை இவர்களைக் கொண்டு சொல்லலாம். உங்கள் பிரிவில் உங்கள் மேலதிகாரி இன்று எடுத்த முடிவு நியாயமானதா என்பதை இவர்களைக் கொண்டு சொல்ல முடியாது.

பெண் என்பதற்காக ஒதுக்கினால் 12ஆவது பிரிவு உதவுமா?

இரண்டாவது உட்பிரிவின் பட்டியலில் பால் இல்லை. வயது, உடற்குறை, பாலியல் நாட்டம் ஆகியவையும் இல்லை. பட்டியலில் இல்லாததை நீதிமன்றம் சேர்த்துப் படிக்காது என்பது 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் தெளிவாகிவிட்டது. முதல் உட்பிரிவின் பொதுவான சமத்துவம் இருக்கிறது என்றாலும், அதை வைத்து வெல்வது கடினம்.

பெண் ஊழியர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கொள்கை மாற்றங்களால் கிடைத்தவை. சம வேலைக்குச் சமச் சம்பளம் என்பதை அரசாங்கச் சேவை ஏற்றது 1962இல். ஆனாலும் பெண் அதிகாரி தன் குடும்பத்துக்கு மருத்துவச் சலுகை பெறுவதில் ஆண் அதிகாரிக்குச் சமமானது 2005இல்தான். சம்பளம் சமமாகி நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து! சம்பளச் சீட்டில் தெரியாத வேற்றுமை சலுகை விதிகளில் அவ்வளவு காலம் ஒளிந்திருக்க முடிந்தது. இன்றும் சலுகைக் கையேட்டை வரிவரியாகப் படிக்கச் சொல்வேன்.

நான் அரசாங்க ஊழியர்தானா? என் அட்டையில் அரசாங்கப் பெயர்தான் இருக்கிறது.

இதில் பலர் தடுமாறுகிறார்கள். யார் முதலாளி என்பதைப் பொறுத்தே எந்தக் கதவைத் தட்டுவது என்பது மாறும்.

அமைச்சு, அதன் துறைகள், கல்வி அமைச்சின் பள்ளிகள் என்றால் நீங்கள் அரசாங்கச் சேவை ஊழியர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மத்திய சேமநிதிக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம் போன்றவை ஆணைபெற்ற கழகங்கள். அங்கே முதலாளி அந்தக் கழகமே. இத்தகைய கழகங்கள் 50க்கு மேல் இருக்கின்றன. பொது மருத்துவமனைத் தாதியின் நிலைமையோ வேறு: மருத்துவமனைக் குழுமங்கள் அரசாங்கத்துக்குச் சொந்தமான நிறுவனங்கள், அவற்றின் ஊழியர்கள் அரசாங்கச் சேவை ஊழியர்கள் அல்லர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் 2006இலேயே நிறுவனங்களாக மாறிவிட்டன. சாங்கி விமான நிலையக் குழுமமும் 2009இலிருந்து நிறுவனம்தான்.

வேலைக் கடிதத்தின் முதல் பத்தியையும் கையெழுத்துக்குக் கீழே உள்ள பெயரையும் பாருங்கள். அங்கே இருக்கும் பெயர்தான் உங்கள் முதலாளி.

அதனால் என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம். வேலை நியமனச் சட்டம் அரசாங்கச் சேவை ஊழியர்களையும் ஆணைபெற்ற கழக ஊழியர்களையும் உள்ளடக்கவில்லை. மருத்துவமனைத் தாதி தவறாக வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதினால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அந்தச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். அமைச்சு ஊழியருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு உள்ளே இருக்கும் மேல்முறையீடும், அதற்கு அப்பால் உயர் நீதிமன்றத்தின் நீதித்துறை மறுஆய்வும்தான் (முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது).

அதற்கு ஈடாக வேறொரு காப்பு உண்டு. பொது அதிகாரி ஒருவரைப் பதவிநீக்கவோ பதவி இறக்கவோ வேண்டுமானால், தம் பக்கத்தைச் சொல்ல அவருக்கு நியாயமான வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் கோபத்தில் ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பிவிடாதீர்கள். சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டிவிட்டு எழுதுங்கள். உங்கள் வாய்ப்பு அந்தப் பதில்தான்.

புதிதாக வந்திருக்கும் வேலையிட நியாயச் சட்டம் என்ன சொல்கிறது?

முதல் மசோதா 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பூசல்களைத் தீர்ப்பது பற்றிய இரண்டாவது மசோதா அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறியது. 2027 முடிவதற்குள் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

அரசியலமைப்பின் பட்டியலில் இல்லாத பலவற்றை இந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது: வயது, நாட்டுரிமை, பால், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, உடற்குறை, மனநலப் பிரச்சினை, மொழித்திறன். இனமும் சமயமும் இதிலும் உண்டு. பாலியல் நாட்டம் இல்லை. ஆள் எடுப்பது முதல் மதிப்பீடு, பயிற்சி, பதவி உயர்வு, ஆட்குறைப்பு வரைக்கும் பொருந்தும். முறையீடு செய்தவரைப் பழிவாங்குவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் அமைப்பில் இதன்படி முறையிடும் வழி என்ன என்று மனிதவளப் பிரிவிடம் இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்.

அதுவரை இருப்பவை நியாயமான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து 2006இல் தொடங்கிய டாஃபெப் என்னும் முத்தரப்புக் கூட்டணி அவற்றை முன்னெடுக்கிறது.

வேலை விளம்பரத்தில் 'மாண்டரின் பேசத் தெரிந்தவர்' என்று போட்டிருக்கிறார்கள். விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பியுங்கள். வேலைக்கு உண்மையாகவே தேவை என்றால் ஒரு மொழியைக் கேட்பது தவறில்லை. மாண்டரின் மட்டும் பேசும் முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலைக்கு அந்த மொழி வேண்டும். தமிழ் ஆசிரியர் வேலைக்குத் தமிழ் கேட்கிறோமே, அதே நியாயம். ஆனால் விளம்பரத்தில் அந்தத் தேவை என்னவென்று சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது வழிகாட்டிக் குறிப்பு. கணக்குத் தணிக்கை வேலைக்கு மாண்டரின் எதற்கு என்று நேர்காணலில் மரியாதையாகக் கேட்கலாம். 'குழுவில் எல்லாரும் அதில்தான் பேசுவார்கள்' என்பது பதிலானால், அது வேலையின் தேவை இல்லை. குழுவின் பழக்கம்.

கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கும், பத்து நிமிடத்தில் மாண்டரினுக்குப் போய்விடும். இதைப் போய்ப் புகார் செய்வதா?

புகாருக்கு முன் ஒரு படி இருக்கிறது. கூட்டத்திலேயே, சிரித்த முகத்தோடு, 'கடைசியாக முடிவு செய்ததை ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன்' என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கே தெரியாமல் நடப்பதுதான் அதிகம்.

நடந்துகொண்டே இருந்தால், கூட்டக் குறிப்பை எழுதும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். வேலை கூடும்தான். ஆனால் எந்த முடிவும் உங்களைத் தாண்டிப் போகாது. அதற்கும் மேல் நடந்தால், எந்தத் தேதியில் எந்த முடிவு உங்களுக்குத் தெரியாமல் போனது, அதனால் வேலை எப்படிக் கெட்டது என்று மேலதிகாரிக்கு எழுதுங்கள். 'என்னை ஒதுக்குகிறார்கள்' என்று எழுதினால் விவாதம் உங்கள் மனநிலையைப் பற்றி ஆகிவிடும். 'மார்ச் 4ஆம் தேதி எடுத்த முடிவு எனக்குச் சொல்லப்படவில்லை, அதனால் அறிக்கை இரண்டு நாள் தாமதம்' என்று எழுதினால் விவாதம் வேலையைப் பற்றி இருக்கும்.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். இனம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் வலிக்கும் கேள்வியும் இதுதான்.

முதலில் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1983இல் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் முறையைத் தழுவி அரசாங்கச் சேவை ஒரு மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை இரண்டு அளவுகோல்கள். ஒன்று இந்த ஆண்டு நீங்கள் செய்த வேலை. மற்றொன்று, காலப்போக்கில் நீங்கள் எவ்வளவு உயரத்துக்கு வரக்கூடியவர் என்ற கணிப்பு. செய்த வேலைக்குச் சான்று உண்டு: முடித்த திட்டம், குறைந்த புகார்கள், மிச்சமான பணம். கணிப்புக்குச் சான்று ஏது? விலகி நின்று முழுமையையும் பார்க்கிறாரா, கற்பனை வளம் உண்டா, நடைமுறை உணர்வு உண்டா என்றெல்லாம் மேலதிகாரி எடை போடுகிறார். பிறகு மூத்த அதிகாரிகள் கூடி ஒருவரோடொருவரை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். அந்த அறையில் உங்களை நேரில் அறிந்தவர் ஒருவரோ இருவரோதான்.

அங்கே யாரும் 'இவர் இந்தியர், வேண்டாம்' என்று சொல்வதில்லை. 'நல்ல உழைப்பாளி, ஆனால் தலைமைத் தோற்றம் போதாது' என்பார்கள். 'கொஞ்சம் அதிகம் வாதாடுகிறார்' என்பார்கள். அதே வாதத்தை இன்னொருவர் வைத்தால் தன்னம்பிக்கை என்று பெயர். பாகுபாடு இப்படித்தான் வரும், பண்பான சொற்களில். சொல்பவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். அதே சமயம், வருகிற ஏமாற்றம் எல்லாம் பாகுபாடும் அல்ல. உண்மையிலேயே மற்றவர் சிறப்பாகச் செய்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, கேட்பது.

மதிப்பீட்டுப் பேச்சு நடக்கும் நாளில் இப்படிக் கேளுங்கள்: அடுத்த நிலைக்கு வர என்னிடம் என்ன குறைகிறது? அந்தக் குறை எந்த வேலையில் தெரிந்தது? அடுத்த ஆறு மாதத்தில் எதைச் செய்து காட்டினால் அது நீங்கியதாக ஏற்பீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராமல் விடாதீர்கள். அன்று மாலையே, 'இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்' என்று சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்புங்கள். புகார் தொனியே வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே மின்னஞ்சலுக்குக் கீழே, செய்து முடித்ததை எழுதுங்கள். இரண்டு ஆண்டு இப்படி ஓடிய பின்னும் காரணம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால், உங்கள் கையில் இருப்பது ஆதாரம். சங்கத்துக்கும் மேல்முறையீட்டுக்கும் தேவைப்படுவது அதுதான்.

'லைட்டை அணைத்தால் பல் மட்டும்தான் தெரியும்' என்று சொல்லிவிட்டு, 'சும்மா விளையாட்டுக்கு' என்கிறார்கள்.

விளையாட்டு என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். முதல் முறையே, கத்தாமல், 'அப்படிச் சொல்லாதே, எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் கூடச் சிரித்துவைத்தால் பின்னால் அது உங்களுக்கு எதிராகச் சொல்லப்படும். தொடர்ந்தால் தேதி, இடம், சொன்ன சொற்கள் அப்படியே, யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். 2014இன் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும்.

முகப்பில் பொதுமக்கள் என் நிறத்தைச் சொல்லித் திட்டினால்?

பொறுத்துப் போக வேண்டிய கடமை இல்லை. கடமையில் இருக்கும் பொது ஊழியரை மிரட்டுவதும் இழிவாகப் பேசித் துன்புறுத்துவதும் அதே சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, கண்காணிப்புக் கேமராப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பதிவு நெடுநாள் இருக்காது.

தைப்பூசத்துக்கு லீவு கேட்பது உரிமையா, சலுகையா?

தைப்பூசம் 1968 வரை பொது விடுமுறை. அந்த ஆண்டு விடுமுறைகளைக் குறைத்தபோது அது போனது. ஆகவே இன்று அது உங்கள் வருடாந்தர விடுப்பு, மேலதிகாரி சம்மதிக்க வேண்டும்.

ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. சுழல்முறை வேலையில் இருக்கும் ஒருவர், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுக்கப்போகிறார். விரதம் தொடங்குமுன்பே, ஒரு மாதத்துக்கு முன், பட்டியல் போடுபவரிடம் சொல்கிறார். 'அன்று எனக்கு, சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு உங்களுக்கு' என்று மாற்றிக்கொள்ள முன்வருகிறார். அப்படியும் ஆண்டுதோறும் அவருக்கு மட்டும் மறுப்பு, மற்றவர் கேட்கும் நாள்களுக்கு எப்போதும் சரி என்றால், அந்த வரிசை தானே பேசும். விண்ணப்பங்களையும் மறுப்புகளையும் சேர்த்து வையுங்கள்.

திருநீறு, கழுத்து மணி, தலைப்பாகை, முக்காடு?

சீருடை இல்லாத வேலையில் பொதுவாகச் சிக்கல் இல்லை. சீருடைப் பணியில் விதி உண்டு, அது காலத்தோடு மாறவும் செய்யும். சீக்கியர்கள் காவல்துறையிலும் ராணுவத்திலும் தலைப்பாகை அணிகிறார்கள். பொதுச் சுகாதாரத் துறையின் முஸ்லிம் தாதியர் சீருடையோடு முக்காடு அணிய 2021 நவம்பர் 1இலிருந்து அனுமதி வந்தது. பல ஆண்டு பொறுமையாகக் கேட்டுக் கிடைத்தது அது.

எல்லையும் தெரிந்திருக்கட்டும். தொழில்நுட்பக் கல்விக் கழக ஆசிரியர் ஒருவர், தம் சமய நம்பிக்கையால், தேசியப் பற்றுறுதி சொல்வதிலும் தேசிய கீதம் பாடுவதிலும் கலந்துகொள்ள மறுத்து வேலை இழந்தார். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. சமயச் சுதந்திரம் உண்டு என்பதற்காக, வேலையின் எல்லா நிபந்தனைகளிலிருந்தும் விலக்குக் கிடைத்துவிடாது.

விண்ணப்பப் படிவத்தில் மனநோய் உண்டா என்று கேட்கலாமா?

கூடாது. 2020இலிருந்து டாஃபெப் அதைப் பாகுபாடு என்றே சொல்கிறது.

வயதானால் அனுப்பிவிடுவார்களா?

குறைந்தபட்ச ஓய்வு வயதுக்கு முன் வயதைக் காரணம் காட்டி அனுப்ப முடியாது. அந்த வயதை 63ஆக உயர்த்தும் மாற்றத்தைப் பொதுச் சேவை 2021இலேயே, மற்றவர்களுக்கு ஓராண்டு முன்பே, செய்தது. 2026 ஜூலையில் அது 64. மறுவேலை நியமன வயது 69.

ஆதாரத்துக்காக அலுவலக மின்னஞ்சலை என் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ளலாமா?

அனுப்பாதீர்கள்! நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே நீங்கள் குற்றவாளி ஆகிவிடக் கூடும். அதிகாரத்துவ ரகசியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சொந்த நோட்டுப் புத்தகத்தில், உங்களுக்கு நடந்ததை மட்டும், கோப்பின் உள்ளடக்கம் எதையும் எழுதாமல், தேதியிட்டு எழுதுங்கள். மின்னஞ்சல் அலுவலகக் கணினியிலேயே இருக்கட்டும். எந்தத் தேதி, என்ன தலைப்பு என்று குறித்துக்கொண்டால் விசாரணையில் எடுக்கச் சொல்லலாம்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மதிப்பீட்டுக் கோப்பைக் கேட்கலாமா என்பார்கள். அந்தச் சட்டம் பொது அமைப்புகளுக்குப் பொருந்தாது. ஃபேஸ்புக்கில் கொட்டுவதும் வேண்டாம்.

சரி, யாரிடம் போவது?

மேலதிகாரியிடம். அவரே பிரச்சினை என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடமோ மனிதவளப் பிரிவிடமோ. கூடவே சங்கத்திடம். அமைச்சு ஊழியர்களுக்கு 1959இல் உருவான ஏயுபிஇ (AUPE) என்னும் பொது ஊழியர் சங்கம் இருக்கிறது. அந்த ஆண்டு அரசாங்க ஊழியர்களின் படித்தொகைகள் வெட்டப்பட்டபோது முன்னின்று குரல் கொடுத்தவர், அந்தச் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்திய ஜி. கந்தசாமி. ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கங்கள் உண்டு. பிரச்சினை வந்த பிறகு சேர்வதைவிட இப்போதே சேருங்கள்.

1995இலிருந்து நியமனமும் பதவி உயர்வும் பெரும்பாலும் பணியாளர் வாரியங்களின் கையில் இருக்கின்றன. அவற்றின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு உண்டு, கடைசிப் படி பொதுச் சேவை ஆணையம். ஆணைபெற்ற கழகங்களுக்கு அவரவர் விதி. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகலாம், அவர் கடிதம் எழுதுவார், முடிவை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. சம வாய்ப்புக்கென்று தனி ஆணையமோ மக்கள் குறைதீர்ப்பு அதிகாரியோ இங்கே இல்லை. நீதித்துறை மறுஆய்வு என்றால், முடிவை ரத்து செய்யக் கோரும் விண்ணப்பத்துக்கு மூன்று மாதக் கெடு. உள்ளே பேசிக்கொண்டிருக்கையிலேயே அது ஓடிவிடும்.

எங்கள் கட்டடத்தில் துப்புரவு செய்யும் தமிழ்த் தம்பியை மேற்பார்வையாளர் கேவலமாகப் பேசுகிறார். அவர் அரசாங்க ஊழியர் இல்லையே, நான் என்ன செய்வது?

அவர் குத்தகை நிறுவனத்தின் ஊழியர். அதனால் வேலை நியமனச் சட்டம் அவருக்குப் பொருந்தும், சம்பளப் பிரச்சினை என்றால் மனிதவள அமைச்சிடம் நேராகவே போகலாம். ஆனால் வேலை அனுமதி முதலாளி கையில் இருக்கிறது என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தக் குத்தகையைக் கொடுத்தது உங்கள் அலுவலகம், அதைக் கவனிக்கும் அதிகாரி உங்கள் மாடியிலோ கீழ்மாடியிலோதான் உட்கார்ந்திருக்கிறார். முதலில் தம்பியிடம், 'உன் பெயர் சொல்லாமல் நான் பேசட்டுமா?' என்று கேளுங்கள். அவர் சரி என்றால், கண்ணால் பார்த்ததைத் தேதியோடு அந்த அதிகாரிக்கு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், அதே கடிதத்தை அவருடைய மேலதிகாரிக்கும் நகல் வைத்து மறுபடி அனுப்புங்கள்.